கறை எங்கே இருக்கிறது?

பல் வெளுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியைத் திறந்து யாராவது ஒரு நடிகரின் படத்தை நீட்டுவார்கள். "மேடம், இந்த மாதிரி வரணும்." நான் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பேன்: "சொந்த ஊரு எது? சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?" வந்தவர் முகத்தில் குழப்பம் தெரியும். பல்லைக் காட்ட வந்த இடத்தில் ஊர் போர்வெல்லைப் பற்றி எதற்கு விசாரணை? தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்வி விளங்கும்.

பல் வெளுக்க இன்றைக்கு வழிகள் நிறைய. நாற்காலியில் சாய்த்து ஒரு மணி நேரத்தில் முடிப்பது உண்டு. ட்ரே செய்து கொடுத்து வீட்டில் இரண்டு வாரம் போடச் சொல்வது உண்டு. கடையில் பேஸ்ட், ஆன்லைனில் ஒட்டுப் பட்டை, சமையலறையில் எலுமிச்சை, பாட்டி சொன்ன அடுப்புக்கரி என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரு கறைக்குக் கேட்கிற வைத்தியம் இன்னொரு கறைக்குக் கேட்காது. கறை பல்லின் மேல் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, உள்ளே என்றால் எப்போது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்காமல் வெளுக்க இறங்கினால் பணம் போகும். சில நேரம் பல்லும் போகும். இத்தனை வருடத் தொழிலில் நான் தேறியது முக்கியமாக இந்தத் தேடலில்தான்.

ஜன்னலோரம்

நான் படித்தது சென்னையில். பல்லின் நிறம் பார்க்கக் கற்றுத்தந்த பேராசிரியர், முதலில் தலைக்கு மேலிருக்கும் விளக்கை அணைக்கச் சொல்வார். நோயாளியை எழுப்பி ஜன்னலோரம் நிறுத்துவார். பகல் வெளிச்சத்தில்தான் பல் உண்மை பேசும் என்பது அவர் கட்சி. உதட்டுச் சாயம் இருந்தால் துடைத்துவிட வேண்டும். வாய் திறந்த உடனே பார்த்துவிட வேண்டும். திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். சில விநாடிகளுக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் களைத்து ஏமாற்றும்; சற்றே பார்வையை விலக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பார்க்க ஒரு கருவி உண்டு. ஷேட் கைடு என்போம். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் கொண்டுவந்த வரிசைதான் இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. ஒரு சட்டத்தில் செருகிய 16 செயற்கைப் பற்கள். ஏ வரிசை செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். நம் பக்கத்து நடுத்தர வயதுக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ஏ2, ஏ3. தொடங்குவதற்கு முன் அந்தப் பல்லை நோயாளியின் பல்லருகே பிடித்து, கையில் கண்ணாடி கொடுத்து, அப்படியே படமும் எடுத்து வைத்துக்கொள்வேன். இரண்டு வாரம் கழித்து "ஒண்ணுமே மாறலையே மேடம்" என்று வருகிறவருக்கு அந்தப் படம்தான் பதில். தினமும் கண்ணாடி பார்க்கிற கண், மெல்ல மாறுவதைப் பிடிப்பதில்லை.

ஷேட் கைடைப் பார்த்ததுமே பலருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அதில் ஒரு பல்கூடக் காகித வெள்ளை கிடையாது. பல்லின் மேலுறையான எனாமல் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். ஒளி அதில் ஊடுருவிப் போகும். அதற்கடியில் இருக்கும் டென்டின் மஞ்சள். பல்லின் நிறமென்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு, எனாமல் வழியாகத் தெரியும் அந்த மஞ்சள்தான். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலியும், டென்டின் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே போகும், மஞ்சள் கூடும். கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட எப்போதும் ஒரு படி மஞ்சளாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே டென்டின் அதிகம். இதெல்லாம் நோய் கிடையாது.

ஏழு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற தாய்மார்கள் உண்டு. "பால் பல்லு பளிச்சுனு இருந்துச்சுங்க மேடம். புதுசா மொளைச்சது மஞ்சளா இருக்கு. ஒழுங்காவே தேய்க்கறதில்ல." பையன் குற்றவாளிக் கூண்டில் நிற்பான். பால் பல் இயல்பிலேயே வெளுப்பு. அதன் பக்கத்தில் முளைத்த நிலைப்பல் மஞ்சளாகத் தெரிவது ஒப்பீட்டால் வருவது. எல்லாப் பால் பல்லும் விழுந்தபின் ஒப்பிட எதுவும் இருக்காது. "அவன் மேல தப்பு இல்லைம்மா" என்று சொல்லி அனுப்புவதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

மேலே ஒட்டியது

வெளுக்க வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வெளுக்கவே தேவையிருக்காது. சுத்தம் செய்தால் போதும். டீ, காபி, வெற்றிலை, புகையிலை, பீடி இவற்றின் கறை பல்லின் மேலும் காரையின் மேலும்தான் உட்காரும். இரும்புச் சத்து டானிக் குடித்த குழந்தைகளுக்குக் கருங்கோடு விழும். இன்னொன்று யாரும் எதிர்பாராதது: ஈறு வீக்கத்துக்கு எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க் கொப்பளிப்பு மருந்து. இரண்டு வாரத்துக்கு எழுதித்தந்ததை, வாய் மணக்கிறதே என்று மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிப்பார்கள். பல்லெல்லாம் பழுப்பேறும். பிறகு அந்தப் பழுப்பைப் போக்க வருவார்கள்.

பல்பொடியையும் விசாரிப்பேன். புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் எதையும் தயாரிக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992இல் தடை போட்டது. ஆனாலும் புகையிலைப் பொடியைக் கன்னத்தில் அடக்கிப் பல் தேய்க்கிற பழக்கம் வயதானவர்களிடம் முழுதாக விட்டுப்போகவில்லை. அவர்கள் வாயில் நான் முதலில் பார்ப்பது பல்லை அல்ல, கன்னத்தின் உள்தோலை. அங்கே வெள்ளைத் திட்டு இருந்தால் பல்லின் நிறப் பேச்சு அன்றைக்கு இல்லை.

மேலே ஒட்டியதற்கு வைத்தியம் ஸ்கேலிங். அதிரும் முனையால் காரையை உடைத்து எடுத்து, பிறகு பாலிஷ். அரை மணி வேலை. ஆனால் இதற்குச் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. "கிளீன் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?" இந்தக் கேள்வி கேட்காத நாளில்லை. பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். காரை அதை அண்டைப் பல்லோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கும். கட்டை எடுத்ததும் ஆட்டம் தெரியும், மறைந்திருந்த இடைவெளியும் தெரியும். எலும்பைக் கரைத்தது காரை. பழி ஸ்கேலிங் மேல். எடுத்த காரையைப் பஞ்சில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் வாதம் முடிந்துவிடும். அதற்குப் பின் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுவே போதும் மேடம்" என்று பிளீச்சிங் கேட்டு வந்தவர் எழுந்து போவதும் சகஜம்.

தண்ணீர் போட்ட வரி

தர்மபுரிக்கு நான் வந்த புதிதில் பார்த்த பல் எதுவும் பாடப் புத்தகப் பல்லாக இல்லை. சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுகள், குறுக்கே பழுப்பு வரிகள், கடுமையானவர்களுக்குக் குழிகள். நிலத்தடிப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு இறங்கும் பகுதி இது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிறைய. ஃப்ளோரைடு மிகுதியால் வரும் ஃப்ளோரோசிஸ் என்ற இந்த நோய் இந்தியாவில் மருத்துவ இதழில் முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் இதே பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடத் தொடங்கினார். அது தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு என்று தெரிய 1931 ஆனது.

எனாமல் உருவாகிற காலத்தில்தான் ஃப்ளோரைடு அதைக் கெடுக்கும். முன்பற்களுக்கு அது கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கி ஏறத்தாழ எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். அதனால் கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்தவர் இருபது வருடம் இதே தண்ணீரைக் குடித்தாலும் பல்லில் வரி விழாது. மூட்டையும் எலும்பையும் அது தாக்கலாம், அது வேறு கதை. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பழுப்பு வரி, தங்கைக்குச் சுத்தமான பல் என்று பார்த்திருக்கிறேன். விசாரித்தால் தங்கை காவிரிக்கரையில் பாட்டி வீட்டில் வளர்ந்தவளாக இருப்பாள்.

ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், "பொண்ணு பாக்குப் போடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அந்தப் பெண் கல்லூரியில் சிரிப்பதற்குக் கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பழகியவள். பேஸ்ட், பொடி, உப்பு, கரி எல்லாம் தேய்த்துப் பார்த்திருந்தாள். ஈறோரம் பல் தேய்ந்ததுதான் மிச்சம். மேலே ஒட்டாத கறையைத் தேய்த்து எப்படி எடுக்க முடியும்?

இந்தக் கறைக்குப் படிப்படியாகப் போக வேண்டும். பழுப்பு வரி எனாமலின் மேலடுக்கில் இருந்தால் மைக்ரோஅப்ரேஷன்: ரப்பர் தடுப்புப் போட்டு ஈறைக் காத்துக்கொண்டு, மென்மையான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மேலடுக்கை எடுப்பது. அதன் பிறகு வீட்டு ட்ரேயில் பிளீச்சிங். பழுப்பு நன்றாக இறங்கும். வெள்ளைத் திட்டுதான் பிடிவாதம் பிடிக்கும். பிளீச்சிங் தொடங்கிய முதல் நாட்களில் அது இன்னும் வெளுத்துத் துருத்திக்கொண்டு தெரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அழுதுவிடுவார். சுற்றியுள்ள பல்லும் வெளுத்தபின் வித்தியாசம் குறையும். மீதிக்கு ரெசின் ஊட்டுவது உண்டு. வெள்ளைத் திட்டு என்பது நுண்துளைகள் நிறைந்த எனாமல்; உள்ளே காற்றும் நீரும் இருப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எனாமலின் ஒளிவிலகலுக்கு நெருக்கமான ரெசினை அந்தத் துளைகளில் நிரப்பினால் திட்டு கண்ணுக்கு மறையும். குழி விழுந்த பல்லுக்கு இவை எதுவும் போதாது. காம்போசிட் பூச்சோ, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரோதான்.

அந்தப் பெண்ணுக்கு மைக்ரோஅப்ரேஷனும் மூன்று வார ட்ரேயும் போதுமாக இருந்தன. திட்டுகள் லேசாக மிஞ்சின. "பரவாயில்லை, இது என் பல்லு மாதிரியே இருக்கு" என்றாள். வெனீர் போட்டுவிடலாமே என்று தாய் கேட்டதற்கு அவளே மறுத்துவிட்டாள்.

ஜெல் வேலை செய்யும் விதம்

டென்டினின் மஞ்சளைக் குறைக்க நம்மிடம் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்றுதான். பெயர்கள் எத்தனை இருந்தாலும் உள்ளே அதுதான். இது எதையும் சுரண்டி எடுப்பதில்லை. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எனாமலைக் கடந்து டென்டினுக்குள் போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளின் பிணைப்புகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. உடைந்தவை நிறம் குன்றியவை. அதே வேகத்தில் பல்லின் நரம்புப் பகுதி வரைக்கும் போய்விடுவதால்தான் பல் கூச்சம் வருகிறது.

வீட்டில் போடும் முறை தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பில் கிளஸ்மயர் என்ற பல் சீரமைப்பு நிபுணர் 1960களின் இறுதியில், ஈறுப் புண் ஆறுவதற்காக ஒரு கிருமிநாசினித் திரவத்தைப் பல் அச்சில் ஊற்றி இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்தது. அந்தத் திரவம் 10 சதவீதக் கார்பமைட் பெராக்சைடு. 1989இல் ஹேவுட், ஹேமன் இருவரும் இந்த முறையை ஆய்விதழில் வெளியிட்ட பிறகே அது உலகமெங்கும் பரவியது. 10 சதவீதக் கார்பமைட் உடைந்தால் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ மூன்றரை சதவீதம். கிளினிக்கில் நாங்கள் நேரடியாகப் போடுவது 25 முதல் 40 சதவீதம் வரை.

அந்த வீரியத்தால்தான் கிளினிக் வேலையில் பாதுகாப்புக்கே பாதி நேரம் போகிறது. சொத்தை, விரிசல், ஈறு இறங்கி வேர் தெரியும் இடம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். காரை எடுத்திருக்க வேண்டும். கன்னத்தை விரித்துவைக்கும் கருவி, கண்ணுக்குக் கண்ணாடி, ஈறின் மேல் ஒளிபட்டால் இறுகும் ரெசின் தடுப்பு. இந்தத் தடுப்பில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ஜெல் இறங்கி ஈறு வெளுத்து எரியும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும், ஆனால் நோயாளிக்கு அது பெரிய பீதி. பிறகு ஜெல் பூசி, கால் மணி நேரம் விட்டு, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசி, இரண்டு மூன்று சுற்று.

நீல விளக்கு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் அதுதானே தெரிகிறது. ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் நல்ல ஜெல்லோடு ஒப்பிடும்போது விளக்கு கூடுதலாகத் தருவது மிகக் குறைவு. சூடும் கூச்சமும் ஏறலாம். "லேசர்ல பண்ணுவீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வேறு இடம் போனவர்கள் இருக்கிறார்கள்.

எழுந்து கண்ணாடி பார்க்கும்போது தெரிகிற வெளுப்பில் ஒரு பங்கு பல் காய்ந்ததால் வந்தது. ஒரு வாரத்தில் எச்சில் ஊறிச் சற்றுக் குறையும். அப்போது நிற்கிற நிறம்தான் கணக்கு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து நிற்கும் மாப்பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். ஒரு மாதம் முன்னால் வரச் சொல்கிறோம். முதல் இரண்டு நாட்களுக்கு நிறமுள்ள உணவு வேண்டாம் என்று சொல்வது எங்கள் வழக்கம். மஞ்சளும் புளியும் இல்லாத சமையல் நம் வீட்டில் என்ன இருக்கிறது? தயிர் சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி. "சாம்பார் இல்லாம இட்லியா?" என்று கேட்டவர், பிளீச்சிங்கையே ஒருமுறை மறுபரிசீலனை செய்தார்.

எனக்குப் பிடித்தது ட்ரே முறைதான். அல்ஜினேட்டில் அச்சு எடுத்து, பல் மாதிரி வார்த்து, மெல்லிய தகட்டைச் சூடாக்கி அதன்மேல் உறிஞ்சிப் படியவைத்தால் அந்த வாய்க்கு மட்டும் பொருந்தும் ட்ரே கிடைக்கும். ஒவ்வொரு பல்லின் இடத்திலும் ஒரு பொட்டு ஜெல். இரவு போட்டுக்கொண்டு தூங்கலாம். கூச்சம் உள்ளவர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் போதும். இரண்டு வாரத்தில் கிளினிக் முறைக்கு நிகரான நிறம் வரும், கூச்சமும் குறைவு. கூசினால் ஒருநாள் விட்டு ஒருநாள்; பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே ட்ரேயில் பத்து நிமிடம் போட்டாலும் தணியும். ட்ரே பத்திரமாக இருந்தால் சில வருடங்கள் கழித்து மஞ்சள் திரும்பும்போது ஜெல் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் திரும்பத்தான் செய்யும். எந்த வெளுப்பும் ஆயுளுக்கு நிற்பதில்லை.

ஒற்றைப் பல்லும் சாம்பல் பட்டையும்

எல்லாப் பல்லும் சரியாக இருந்து, ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கதை வேறு. கபடியில் முழங்கை பட்டிருக்கும், சைக்கிளிலிருந்து விழுந்திருப்பார்கள். பல வருடம் முன்னால் நரம்பு செத்து, உள்ளே கசிந்த இரத்தம் சிதைந்து டென்டினில் ஏறியிருக்கும். வலி இல்லாததால் கவனித்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ்க்கட்டி தெரியும். வெளுக்கக் கேட்டு வந்தவருக்கு முதலில் ரூட் கெனால். பிறகு வெளியே எதையும் பூசாமல் பல்லுக்குள்ளேயே சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து மூடிவிடுவோம். வாரம் ஒருமுறை மாற்றினால் இரண்டு மூன்று தடவையில் பக்கத்துப் பல்லோடு சேர்ந்துவிடும். 1960களில் வந்த முறை. ஒரு காலத்தில் வீரியமான பெராக்சைடையும் சூட்டையும் சேர்த்துச் செய்ததில், வருடங்கள் கழித்து ஈறுக்கடியில் வேர் கரைந்தது தெரிந்தது. அதனால் இன்று ரூட் கெனால் அடைப்பின் மேல் தடுப்புப் பூச்சு போடாமல் நான் தொடங்குவதில்லை.

டெட்ராசைக்ளின் பற்கள் இப்போது குறைந்துவிட்டன. வருகிறவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது இருக்கும். சிறுவயதில் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து, உருவாகிக்கொண்டிருந்த டென்டினில் கால்சியத்தோடு பிணைந்து, பிறகு வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாம்பலாகியிருக்கும். பட்டை பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் எந்த வயதில் மருந்து சாப்பிட்டார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதற்கு இரண்டு வாரம் போதாது. ட்ரேயை மாதக்கணக்கில் போட வேண்டும். ஆறு மாதம் பொறுமையாகப் போட்டவர்களும் உண்டு. ஈறோரத்துச் சாம்பல் முழுக்கப் போகாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வீட்டில் செய்கிறவை

வீட்டு வழிகளை நான் ஒரேயடியாகத் தள்ளுவதில்லை, தரம் பிரிப்பேன். வெளுக்கும் பேஸ்ட் என்று விற்பவை பெரும்பாலும் மேற்கறையை மட்டும் எடுக்கும். சிலவற்றில் நீலச் சாயம் இருக்கும். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதுபோல, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும். பல் அப்படியேதான் இருக்கும். இப்போது வரும் ஊதா நிறப் பேஸ்ட்டுக்கும் இதே தத்துவம். சில மணி நேரம் நிற்கும், தீங்கில்லை.

பெராக்சைடு ஒட்டுப் பட்டைகள் அமெரிக்கச் சந்தைக்கு 2001இல் வந்தன. சரியான அளவுள்ளவை வேலை செய்யும். வரிசை தப்பிய பல்லில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக வெளுக்கும், ஈறில் வழியும். எனக்குப் பயம், லேபிளில் அளவு போடாமல் ஆன்லைனில் வரும் ஜெல்லும் விளக்கும் சேர்ந்த பெட்டிகள் மேல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடு பொருட்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தரலாம். உச்சம் 6 சதவீதம். 18 வயதுக்குக் கீழே கூடாது. நம் ஊரில் அழகு நிலையத்தில் முகம் பார்க்கிற கையே பல்லுக்கும் ஜெல் பூசுகிறது. சொத்தைக் குழிக்குள் அந்த ஜெல் இறங்கினால் என்னாகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்ப்பது இளைஞர்களிடம் பரவலாகிவிட்டது. சோடா உப்பு தனியாக மென்மையானதுதான். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் இரண்டை ஒட்டியது. எனாமல் கரையத் தொடங்குவது ஐந்தரைக்குக் கீழே. அமிலம் பட்டு மெத்தென்றான எனாமலைப் பிரஷ்ஷால் தேய்த்தால் கழன்று போகும். முதல் வாரம் பளபளக்கும். பிறகு எனாமல் மெலிந்து டென்டின் இன்னும் மஞ்சளாகத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியாது. போன எனாமல் திரும்ப வளராது.

கரி பேஸ்ட் உமிக்கரியின் நகரத்து வடிவம். கரி வெளுக்கும் என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ போதிய சான்றில்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த மதிப்பாய்வு சொன்னது. எனக்கு அதற்கு முன்பே செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி தேய்த்த பெரியவர்களின் ஈறோரப் பள்ளங்கள் சொல்லியிருந்தன. வேப்பங்குச்சியில் வெளுப்புச் சக்தி இல்லை. மென்று மிருதுவாக்கித் தேய்த்தால் கெடுதலும் இல்லை. எண்ணெய் கொப்பளிப்பதும் அப்படித்தான். செய்ய ஆசைப்பட்டால் செய்யட்டும், நிறம் மாறுமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

யாரைத் திருப்பி அனுப்புவேன்

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள் காத்திருக்கலாம். முன்பல்லில் கேப் போட்டவர்களிடம் முதலில் பேச்சுவார்த்தை. ஜெல் பீங்கானையோ அடைப்பையோ வெளுக்காது. மற்றப் பற்கள் பி1க்குப் போய், கேப் மட்டும் ஏ3இல் நின்றுவிடும். கேப்பை மாற்றச் சம்மதமென்றால் தொடங்கலாம். அதுவும் வெளுத்து இரண்டு வாரம் கழித்தே புது அடைப்பு. பல்லில் தங்கும் ஆக்சிஜன் அடைப்பைச் சரியாகப் பிடிக்கவிடாது.

ஷேட் கைடில் இல்லாத வெள்ளை கேட்பவர்களிடம் கண்ணாடியைக் கொடுத்து, அவர்கள் கண்ணின் வெள்ளையைப் பார்க்கச் சொல்வேன். பல் அதைவிட வெளுத்தால் முகத்தில் பல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். கேட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. கேட்காமல், நல்ல எனாமலைச் சீவி வரிசையாக வெனீர் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு என்னிடம் திரும்பி வந்தவர்களும் உண்டு.

குழாய் செய்தது

இந்த மாவட்டத்தில் எந்த ஜெல்லும் செய்யாத வேலையை ஒரு குழாய் செய்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பும் இருக்கிறது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முன்பற்கள் முளைத்துவிட்டன. குழாய் நீர் ஒழுங்காக வரும் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் பழுப்பு வரியை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். பல் வெறும் மஞ்சளாக இருக்கிறது. அதைப் பார்த்துத் தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் குழாய் வராத நாளில் போர்வெல் தண்ணீரில் சோறு வேகிறது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதித்து வற்றும்போது ஃப்ளோரைடு செறிவுதான் கூடும். சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்று: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். அளவு தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்வரை இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னிடம் இருக்கிற எந்தச் சிகிச்சையைவிடவும் அதற்குச் செலவு குறைவு, பலன் நிரந்தரம்.